அளவா, வாங்கியா? ஒற்றைத் தலையிடியில் செரோட்டோனினின் இடம்

செரோட்டோனின் குறைந்தால் ஒற்றைத் தலையிடி வரும் என்ற பேச்சு வைத்தியரின் அறையைத் தாண்டி எங்கள் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. ரொறன்ரோவின் இயற்கை மருந்துக் கடைகளில் செரோட்டோனினைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் குளிசைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. வாழைப்பழம் சாப்பிடுங்கள், வெயிலில் நில்லுங்கள், செரோட்டோனின் ஏறும், தலையிடி இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் அறிவுரை சுற்றுகிறது. இந்த வலியோடு வாழ்பவர்கள் ஒரு சிலர்தான் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் கனடாப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2010-11 கணக்குப்படி, ஒற்றைத் தலையிடி இருப்பதாக வைத்தியர் சொல்லக் கேட்டவர்கள் 27 இலட்சம் பேர், சனத்தொகையில் 8.3 சதவீதம். பெண்களில் இது 11.8 சதவீதம், ஆண்களில் 4.7. டைலனோலை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இத்தனை பேரும் ஒரு பற்றாக்குறை நோயால்தான் அவதிப்படுகிறார்களா என்பது கேட்டுப் பார்க்கவேண்டிய கேள்வி. கடந்த அறுபது ஆண்டுச் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் விடை இது: செரோட்டோனினுக்கும் ஒற்றைத் தலையிடிக்கும் தொடர்பு உண்டு, அதில் ஐயமில்லை, ஆனால் அந்தத் தொடர்பு உடம்பில் அது எவ்வளவு இருக்கிறது என்பதில் தங்கியிருப்பதாகக் காட்டும் சான்று மிகப் பலவீனமானது. எந்த இடத்தில், அதைப் பிடித்துக்கொள்ளும் எந்த வாங்கியில் (receptor) அது போய் ஒட்டுகிறது என்பதில்தான் விடயம் இருக்கிறது. நோயாளி எந்தக் குளிசையை எப்போது எடுக்கலாம், யார் எடுக்கக்கூடாது என்பதெல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே வருகின்றன.

செரோட்டோனின் மூளைக்குரிய பொருளாக அறிமுகமாகவில்லை. 1948இல் கிளீவ்லாந்தில் மொரிஸ் ரப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவரும் இரத்தக் குழாயைச் சுருக்கும் பொருளாகவே அதைப் பிரித்தெடுத்தார்கள். இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பாமர் அதற்கு முன்பே குடலில் கண்டிருந்த பொருளும் இதுவும் ஒன்றுதான் என்று பின்னர் தெரிந்தது. 1953இல் பெட்டி ட்வாரொக் அதைப் பாலூட்டிகளின் மூளையில் கண்டுபிடித்த பிறகுதான் நரம்பியலாளர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள். இந்த வரலாற்றில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. உடம்பிலுள்ள செரோட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில் உருவாகிறது. இரத்தத்தில் கலப்பதைக் குருதிச் சிறுதட்டுகள் உறிஞ்சித் தமக்குள் பூட்டி வைத்துக்கொள்கின்றன. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பை அது கடப்பதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. ஆகவே இரத்தத்தில் அளந்த செரோட்டோனினை வைத்து மூளையில் உள்ளதைப் பற்றிப் பேச முடியாது. பற்றாக்குறைக் கொள்கை முதலில் இடறுவது இங்கேதான்.

அந்தக் கொள்கை காற்றில் பிறந்ததல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஃபுளோரன்ஸ் நகரில் ஃபெடெரிகோ சிக்குதேரியும் அவருடைய கூட்டாளிகளும் 1961இல், தலையிடி வந்திருக்கும் நேரத்தில் சிலருடைய சிறுநீரில் செரோட்டோனின் சிதைந்து உருவாகும் கழிவுப்பொருள் கூடுவதைக் கண்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு நியூயோர்க்கில் கிம்பல், ஃபிரீட்மன், வல்லேஹோ ஆகியோர், செரோட்டோனின் சேமிப்பைக் கரைக்கும் ரெசர்பின் மருந்தை ஊசியாக ஏற்றி, ஒற்றைத் தலையிடிக்காரர்களுக்கு அதே மாதிரியான வலியை வரவழைத்தார்கள். நாளத்தில் செரோட்டோனினைச் செலுத்தியபோது வலி தணிந்தது. 1967இல் சிட்னியில் அந்தனி, ஹின்ரபேர்கர், ஜேம்ஸ் லான்ஸ் ஆகியோர், வலி தொடங்கியதும் இரத்தத்தில் செரோட்டோனின் மளமளவென்று இறங்குவதை அளந்து காட்டினார்கள். கழிவு கூடுகிறது, இருப்பு குறைகிறது, இருப்பைக் கரைத்தால் வலி வருகிறது, திரும்ப ஊற்றினால் போகிறது. எண்ணெய் வற்றிய விளக்கு மங்குவதுபோல ஓர் எளிய சித்திரம் உருவானதில் வியப்பில்லை. இன்று கடைத்தட்டில் இருக்கும் போத்தல் அந்தச் சித்திரத்தின் வாரிசு.

ஆனால் ஒவ்வொரு சான்றையும் கிட்டப் பார்த்தால் அது வேறொன்றைச் சொல்கிறது. சிட்னியில் அளந்தது பெரும்பாலும் சிறுதட்டுகளுக்குள் இருந்த செரோட்டோனினை. சிறுதட்டு தன் கையிருப்பைக் கொட்டிவிட்டது என்றால் உடம்பில் ஏதோ ஒன்று அதைத் தூண்டியிருக்கிறது. அது வலிக்குக் காரணமா, வலியின் விளைவா, பக்கத்தில் நடந்த இன்னொரு காரியமா என்று அந்த எண்ணிக்கையால் சொல்ல முடியாது. ரெசர்பின் செரோட்டோனினை மட்டும் கரைப்பதில்லை, நொரட்ரீனலினையும் சேர்த்தே கரைக்கிறது. நாளத்தில் ஏற்றிய செரோட்டோனின் வலியைத் தணித்தது மெய். ஆனால் அது மூளைக்குள் நுழையாத பொருள். அப்படியானால் அது மூளையின் பற்றாக்குறையை நிரப்பியிருக்க முடியாது. தடுப்புக்கு வெளியே, இரத்தக் குழாயிலோ நரம்பு முனையிலோ எதையோ தொட்டுத்தான் வலியை அடக்கியிருக்க வேண்டும். மூச்சுத்திணறல், குமட்டல் போன்ற தொல்லைகள் அந்த ஊசியை மருந்தாக விடவில்லை. இன்னொரு பக்கத்திலிருந்தும் இதைச் சோதிக்கலாம். கார்சினொயிட் என்ற கட்டி சிலருடைய உடம்பில் செரோட்டோனினை வெள்ளமாகக் கொட்டுகிறது. முகம் சிவக்கும், வயிற்றோட்டம் வரும், இதய வால்வு கெடும். அந்த நோயின் அடையாளக் குறிகளில் ஒற்றைத் தலையிடி இல்லை; அந்த வெள்ளம் தலையிடிக்குப் பாதுகாப்பு என்றும் யாரும் காட்டவில்லை.

கதையைத் திருப்பிவிட்டது வாங்கிகள் பற்றிய அறிவு. கலத்தின் மேற்பரப்பில் செரோட்டோனினைப் பிடிப்பதற்கென்று அமைந்த புரதங்கள் இவை. ஏழு குடும்பங்களாகவும் அவற்றுக்குள் பல உட்பிரிவுகளாகவும் இன்று வகுக்கப்பட்டுள்ளன. ஒரே பொருள் ஒரு வாங்கியில் ஒட்டினால் குழாய் சுருங்கும், இன்னொன்றில் ஒட்டினால் விரியும், மூன்றாவதில் குமட்டும். சிக்குதேரி 1959இல் தலையிடி வராமல் தடுக்கக் கொடுத்த மெதிசேர்ஜைட் செரோட்டோனினின் எதிரியாகக் கருதப்பட்ட மருந்து. இரண்டாம் குடும்பத்து வாங்கிகளை அது அடைத்துவிடுகிறது. நீண்ட பாவனையில் வயிற்றின் பின்புறத்தில் நார்த்திசு வளரும் ஆபத்து தெரியவந்ததால் அது ஒதுக்கப்பட்டது. ஆனால் அதே வகை வாங்கிகளை அடைக்கும் பிசோட்டிஃபென், உடல் பருப்பது தூக்கம் வருவது என்ற குறைகளோடு, கனடாவில் நெடுங்காலம் எழுதிக் கொடுக்கப்பட்டது. ரொட்டர்டாமில் பிரமோத் சக்சேனாவும் இங்கிலாந்தில் கிளாக்சோ நிறுவனத்தில் பற்றிக் ஹம்ப்ரியும் எழுபதுகளில் கவனித்தது மெதிசேர்ஜைட்டின் இன்னொரு முகம்: எதிரி என்று பெயர் எடுத்த மருந்து தலைக்குப் போகும் சில குழாய்களில் செரோட்டோனினைப் போலவே வேலை செய்து அவற்றைச் சுருக்கியது. நாயின் கால் நாளத்தில் அந்த விசித்திரத்தைத் துருவிப்போன ஹம்ப்ரியின் குழு அதுவரை பெயரில்லாத ஒரு வாங்கியைக் கண்டு, அதை மட்டும் தொடும் பொருளைத் தேடி, சுமாட்ரிப்டானை அடைந்தது. 1991இல் அது விற்பனைக்கு வந்தது. இரண்டாம் குடும்பத்தை அடைத்தால் தலையிடி வருவது குறைகிறது; முதலாம் குடும்பத்தின் 1பி, 1டி வாங்கிகளைத் தட்டினால் வந்த தலையிடி நிற்கிறது. ஒரே பொருளின் வேலையை ஓரிடத்தில் தடுத்தும் இன்னோரிடத்தில் செய்தும் ஒரே நோயை மருத்துவம் பார்க்கிறோம். அளவுதான் பிரச்சினை என்றால் இவ்விரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை.

சுமாட்ரிப்டான் எங்கே வேலை செய்கிறது என்பதில் பெரிய வழக்கு நடந்தது. நியூயோர்க்கின் ஹரல்ட் வுல்ஃப் 1938இல், எர்கொட்டமின் என்ற மருந்தைக் கொடுத்ததும் நெற்றிப்பொட்டு நாடியின் துடிப்பும் வலியும் ஒன்றாகத் தணிவதைப் பதிவுசெய்ததிலிருந்து, விரிந்த குழாய்தான் வலி என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. கிளாக்சோவும் குழாயைச் சுருக்கும் மருந்தைத்தான் தேடியது. ஆனால் 2013இல் கோப்பன்ஹேகன் குழு, வலி வந்திருந்த பெண்களைக் காந்த அதிர்வுக் கருவிக்குள் படுக்கவைத்துப் பார்த்தபோது மண்டையோட்டுக்கு வெளியேயுள்ள குழாய்கள் விரியவே இல்லை. உள்ளேயிருப்பவை மிகச் சிறிதளவே விரிந்திருந்தன. பொஸ்ரனில் மைக்கல் மொஸ்கோவிற்ஸ் ஏற்கெனவே வேறு பாதையைக் காட்டியிருந்தார்: மூளையின் உறையிலுள்ள குழாய்களைச் சுற்றிப் படர்ந்திருக்கும் முக்கிளை நரம்பின் முனைகளே வலியின் ஊற்று. லார்ஸ் எட்வின்சனும் பீற்றர் கோட்ஸ்பியும் வலியின்போது கழுத்து நாளத்தில் சிஜிஆர்பி என்ற சிறுபுரதம் கூடுவதையும், சுமாட்ரிப்டான் கொடுத்ததும் அது இறங்குவதையும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காட்டினார்கள். அந்த நரம்பு முனைகளிலே 1டி வாங்கி இருக்கிறது. அதைத் தட்டினால் முனை சிஜிஆர்பியைக் கொட்டுவதை நிறுத்துகிறது. வழக்கை ஏறக்குறைய முடித்துவைத்தது லாஸ்மிடிற்றான். 1எஃப் வாங்கியை மட்டும் தொடும் இந்த மருந்து குழாயைச் சுருக்குவதில்லை. ஆனாலும் தலையிடியை நிறுத்துகிறது. அமெரிக்கா 2019இல் அதற்கு அனுமதி கொடுத்தது.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதை நேரம் காட்டுகிறது. ஒற்றைத் தலையிடி முற்றும்போது பலருக்குத் தோலே வலிக்கத் தொடங்கும். சீப்பு பட்டால் நோகும், கூந்தலை இழுத்துக் கட்ட முடியாது, தோட்டைக் கழற்றி வைக்கவேண்டும், வலிக்கும் பக்கம் தலையணையில் படக்கூடாது. முக்கிளை நரம்பு மூளைத்தண்டில் சேருமிடத்தில் இருக்கும் அடுத்த நரம்புக்கலம் தானாகவே எரியத் தொடங்கிவிட்டது என்பதற்கு இது அடையாளம். ஹார்வர்ட்டின் ராமி பேர்ஸ்ரைன் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், தோல் நோகத் தொடங்குமுன் டிரிப்டான் (சுமாட்ரிப்டான் வகை மருந்து) எடுத்த தாக்குதல்களில் 93 சதவீதம் வலியே இல்லாமல் முடிந்தன; நோகத் தொடங்கியபின் எடுத்தவற்றில் 15 சதவீதம்தான். முதல் நரம்பு இரண்டாவதற்குச் செய்தி கொடுக்கும் முனையைத்தான் டிரிப்டான் அடைக்கிறது. இரண்டாவது கலம் செய்திக்குக் காத்திராத நிலைக்குப் போய்விட்டால் அடைத்துப் பயனில்லை. பற்றாக்குறையை நிரப்பும் மருந்தாக இருந்தால் அரை மணி பிந்தி எடுத்தாலும் பிந்தியாவது பலித்திருக்க வேண்டும். பொறுத்துப் பார்ப்போம், தாங்க முடியாவிட்டால் எடுப்போம் என்று எங்கள் வீடுகளில் பழகிவந்த பொறுமை இந்த மருந்துக்குப் பொருந்தாது. அதற்காக நினைத்தபோதெல்லாம் எடுக்கவும் கூடாது. மாதத்தில் பத்து நாள் அல்லது அதற்கு மேல் எடுத்தால் மருந்தே தலையிடியைத் தரத் தொடங்கும்.

உயிருள்ள மூளையில் செரோட்டோனினை அளக்கவே முடியாதா என்று கேட்கலாம். நேரடியாக முடியாது, கதிரியக்கப் பொருள் ஏற்றிப் படமெடுத்து அதன் உற்பத்தியை ஊகிக்கலாம். ரொறன்ரோவிலிருந்து ஐந்தரை மணி நேரக் கார்ப் பயணத் தூரத்தில், மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தில், மிர்க்கோ டிக்சிச், ஈடித் ஹமல் ஆகியோரின் குழு அதைச் செய்தது. 2008இல் வெளியான அந்த ஆய்வின்படி, தாக்குதல் நடக்கும்போது மூளையில் செரோட்டோனின் உற்பத்தி கூடுகிறது; சுமாட்ரிப்டான் கொடுத்ததும் பழைய நிலைக்கு இறங்குகிறது. 1999இல் டெட்ரொயிற்றில் சுகானியின் குழு, தாக்குதல் இல்லாத நாட்களிலும் நோயாளிகளின் மூளையில் உற்பத்தித் திறன் அதிகமாக இருப்பதைக் கண்டிருந்தது. 2018இல் டென்மார்க்கின் டீன் குழு வேறு முறையில், செரோட்டோனின் வாங்கி ஒன்றைப் படமெடுத்து அதே திசையிலேயே முடிவுக்கு வந்தது: தாக்குதல்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மூளையில் செரோட்டோனின் கூடுதலாகவே இருக்கிறது. மூன்றிலும் நோயாளிகள் சிலரே, முறைகளும் வெவ்வேறு. இவற்றை வைத்து ‘செரோட்டோனின் அதிகமே காரணம்’ என்று தலைகீழாக எழுதுவது பழைய பிழையை மறுபக்கம் புரட்டிப்போடுவதாகும். மூளைக்குள் நேரடியாகப் பார்க்க முயன்ற இந்த ஆய்வுகளில் பற்றாக்குறை தென்படவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதம் அமிட்ரிப்டிலின். செரோட்டோனினைக் கூட்டும் அந்த மருந்து ஒற்றைத் தலையிடியைத் தடுக்கிறதே என்பார்கள். தடுக்கிறது, 2012இல் வெளியான கனேடியத் தலையிடிச் சங்கத்தின் வழிகாட்டி அதை வலுவாகப் பரிந்துரைத்தது. ஆனால் அமிட்ரிப்டிலின் ஒரே கையால் பல காரியம் செய்யும் மருந்து: நொரட்ரீனலினையும் கூட்டும், இரண்டாம் குடும்பத்துச் செரோட்டோனின் வாங்கிகளை அடைக்கும், நரம்பின் சோடியம் வாயில்களையும் தொடும். செரோட்டோனினை மட்டும் தெரிந்தெடுத்துக் கூட்டும் மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன. பற்றாக்குறைக் கொள்கை சரியென்றால் அவைதான் மிகச் சிறந்த தடுப்பு மருந்துகளாக இருக்கவேண்டும். 2015இல் கொக்ரேன் அமைப்பு அவற்றின் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது வெற்றுக் குளிசையைவிட அவை மேல் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. இந்த ஒரு சோதனையே எனக்குப் போதுமானதாகப் படுகிறது. இன்னொரு வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. அவுஸ்திரேலியாவில் பீற்றர் ட்ரமண்ட், செரோட்டோனினுக்கு மூலப்பொருளான டிரிப்டோஃபானை உணவுவழி குறைத்துப் பார்த்தபோது, ஒற்றைத் தலையிடிக்காரர்களுக்குக் குமட்டலும் தலைவலியும் வெளிச்சக் கூச்சமும் கூடின. எலிகளில் செரோட்டோனினைக் குறைத்தால் மூளைப் புறணியில் பரவும் அந்த மின் அலை, கண்முன் மினுமினுப்பைத் தருவதாகக் கருதப்படும் அலை, எளிதில் கிளம்புகிறது. ஆகவே செரோட்டோனின் நிலை ஏறி இறங்குவது ஒருவருடைய தாங்கும் எல்லையைத் தள்ளிவைக்கக்கூடும் என்பதை ஏற்கிறேன். எல்லையை நகர்த்துவது வேறு, நோயாக இருப்பது வேறு. தூக்கமின்மையும் பட்டினியும் மாதவிடாயும்கூட அந்த எல்லையை நகர்த்துகின்றன.

இதற்கு நேரெதிரான கட்சியும் உண்டு. சிஜிஆர்பியைத் தடுக்கும் மருந்துகள் வந்துவிட்டன, செரோட்டோனின் பழங்கதை என்கிறார்கள். மாதமொரு ஊசியான எரெனுமாப் 2018இல் கனடாவில் அனுமதி பெற்றது. உப்ரோஜெபன்ட், அட்டோஜெபன்ட் குளிசைகளும் வந்திருக்கின்றன. மொஸ்கோவிற்ஸ், எட்வின்சன், கோட்ஸ்பி, யெஸ் ஓலசன் நால்வருக்கும் 2021இல் மூளை ஆய்வுக்கான பெரும்பரிசு கிடைத்தது இந்தப் பாதைக்குத்தான். ஆனாலும் இந்த ஊசிகளால் தலையிடி நாட்கள் பாதியாகக் குறைவது சுமார் பாதிப் பேருக்கே. மீதிப் பேரின் வலி வேறு வழியாலும் வருகிறது. 1995இல் எஸ்ஸன் நகரில் வைலரின் குழு ஒன்பது நோயாளிகளைப் படமெடுத்தபோது, சுமாட்ரிப்டானால் வலி போன பின்னும் மூளைத்தண்டின் ஒரு பகுதி விழித்தபடியே இருந்தது. செரோட்டோனின் நரம்புகள் கிளம்பும் கருவும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே செரோட்டோனினைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது.

ரொறன்ரோத் தமிழருக்கு இதெல்லாம் ஏட்டுச் சண்டையாக முடியவில்லை. 1பி வாங்கி இதயத்தின் குழாய்களிலும் இருக்கிறது. அதனால் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களும் இதயக் குழாய் அடைப்புள்ளவர்களும் டிரிப்டான் எடுக்கக்கூடாது. ஹமில்டன், ரொறன்ரோ, எட்மன்டன் நகரங்களில் சோனியா ஆனந்தும் சலீம் யூசுஃபும் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில் இதயக் குழாய் நோய் தென்னாசியரில் ஏறத்தாழ 11 சதவீதம், ஐரோப்பிய வம்சாவளியினரில் 5, சீனரில் 2. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நாற்பது வயதிலேயே எட்டிப்பார்க்கும் சமூகத்தில், ஒரு வாங்கியைத் தட்டும் மருந்தா இன்னொன்றைத் தட்டும் மருந்தா என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. குழாயைச் சுருக்காத புதிய மருந்துகள் முதலில் போய்ச்சேர வேண்டியது இவர்களிடம். ஆனால் ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டை வைத்தியரைப் பார்ப்பதற்கு உதவும். வேலை செய்யும் வயதிலுள்ள பெரும்பாலோருக்கு மருந்துச் செலவைக் கொடுக்காது. விமன்ஸ் கொலேஜ் வைத்தியசாலையில் தலையிடிக்கென்றே ஒரு நிலையம் இருந்தாலும், அங்கே போவதற்கு முன் குடும்ப வைத்தியரிடம் இதய நிலவரத்தைச் சொல்லிவைப்பது நல்லது.

அளவுக் கொள்கை இன்று நேரடியாகத் தீங்கு செய்வது மருந்தகத்தில். மனச்சோர்வும் ஒற்றைத் தலையிடியும் ஒருவருக்கே சேர்ந்து வருவது சாதாரணம். ஆகவே செரோட்டோனினைக் கூட்டும் மருந்தும் டிரிப்டானும் ஒரே பெயரில் எழுதப்படுவதும் சாதாரணம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2006இல், இரண்டும் சேர்ந்தால் செரோட்டோனின் மிஞ்சி உயிராபத்து வரலாம் என்று எச்சரித்தது. அதிலிருந்து மருந்தகக் கணினி சிவப்பில் எச்சரிக்கும், மருந்தாளர் தயங்குவார், நோயாளி ஒன்றை விட்டுவிடுவார். ஆனால் அந்த நஞ்சேற்றம் 2ஏ, 1ஏ வாங்கிகளால் வருவதாகவே கருதப்படுகிறது. 2ஏயை டிரிப்டான் தொடுவதில்லை, 1ஏயில் அதன் பிடி மிகத் தளர்வு. செரோட்டோனின் அளவை அது கூட்டுவதுமில்லை. பொஸ்ரன் வைத்தியசாலைகளின் பதினான்கு ஆண்டுப் பதிவுகளைப் புரட்டி 2018இல் வெளியான ஆய்வில், இரண்டையும் சேர்த்து எழுதிக் கொடுக்கப்பட்ட 19,017 பேரில் நஞ்சேற்றம் உறுதியானவர்கள் இரண்டே பேர். எச்சரிக்கைக்குப் பயந்து டிரிப்டானை விட்டவர் வலியோடு சும்மா இருக்கப்போவதில்லை. ஒன்ராறியோவில் மருந்தாளரிடம் கேட்டு வாங்கக்கூடிய கோடீன் கலந்த குளிசை பக்கத்திலேயே இருக்கிறது. அதையும் மாதத்தில் பத்து நாள் எடுத்தால் விட்டுவிட்டு வந்த தலையிடி நாளாந்தத் தலையிடியாக மாறக்கூடும்.